மேசையில் கிடந்த கம்பங்கள்

ஜனவரி 9, திங்கள்

இந்த நோட்டை டுவைட் சாட்டல் வாங்கிக் கொடுத்தார். தலைநகர் அகஸ்டாவில் சட்டசபைக் கமிட்டி முன்னால் மூன்று நிமிடம் பேச வேண்டும், அதை எழுதிப் பழகு என்று சொன்னார். மூன்று நிமிடத்துக்கு இரண்டு பக்கம் போதும் என்கிறாள் பக்கத்து வீட்டு ஆர்டிஸ். மிச்சம் நூற்றுச் சொச்சம் பக்கம் சும்மா கிடக்கிறது. வீணாக்குவானேன்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். மத்தி மீன் டப்பா ஆலையில் மீன் தலை வெட்டக் கத்திரிக்கோல் பிடிக்கப் போய்விட்டேன். ஆலை மூடியபின் நண்டு உரிக்கிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும். யார் பார்க்கப் போகிறார்கள்.

காலையில் எழுந்து பார்த்தால் வாசல் பனி முழுக்கத் தள்ளியிருக்கிறது. எல்லரிதான். என் கணவர் ஹாலிஸின் தம்பி. வந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. நன்றி சொல்லப் போன் போட்டால், "என்ன நன்றி அண்ணி? வண்டி அந்தப் பக்கமா வந்துச்சு, அவ்வளவுதான்" என்கிறான். அவன் வீடு எதிர்த் திசையில் நாலு மைல்.

மத்தியானம் டுவைட் வந்தார். எங்கள் பகுதியின் சட்டசபை உறுப்பினர். அதற்கு முன் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இன்னும் பேசும்போது கண்ணாடியில் பின் சீட்டைப் பார்ப்பதுபோலத் தலையைத் தூக்குவார்.

"நீவா, மசோதா எழுதியாச்சு. கடல்ல இறங்குற ஒவ்வொரு துறையிலயும் ஒரு கம்பம், அதுல ஒரு நம்பர். எவனாவது சேத்துல மாட்டிக்கிட்டா, போன்ல நம்பரைச் சொன்னாப் போதும்."

"அப்புறம் என்ன, ஓட்டுப் போட வேண்டியதுதானே?"

"ஓட்டு விழும். கம்பம் வேண்டாம்னு எவன் சொல்லுவான்? எழுபத்தோரு கம்பம், ஆள் கூலி, வண்டி எல்லாம் சேத்து எண்பத்து நாலாயிரம் டாலர்னு செலவுச் சீட்டு போட்டிருக்காங்க. அங்கதான் சிக்கல். புதுச் செலவு எதுவானாலும் அந்தப் பணம் எங்கேயிருந்து வரும்னு நாமளே காட்டணும். ஒண்ணு எங்கேயாவது செலவை வெட்டணும், இல்ல யார்கிட்டயாவது வாங்கணும். காட்டலன்னா மேசையில கிடக்கும்."

"எந்த மேசை?"

"நிஜ மேசை இல்ல. அப்படி ஒரு பேரு. ரெண்டு சபையிலயும் ஜெயிச்ச மசோதாகூட, காசு காட்டலன்னா அங்கதான் போய்க் கிடக்கும். ஜூன்ல சபை கலையறப்ப கிடக்கிறதெல்லாம் செத்துப் போகும்."

சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தொப்பியைத் தேடினார். தொப்பி தலையிலேயே இருந்தது. எடுத்துச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நவம்பருக்குப் பிறகு இந்தச் சமையலறையில் யாரும் சிரித்ததில்லை.

ஜனவரி 10

இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். 'என் கணவர் ஹாலிஸ்' என்பதைத் தாண்டவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

இன்று எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன நவம்பர் 3. காலை வற்றம் ஏழு மணிக்கு. ஹாலிஸ் கூடையும் மண்கொத்தும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் வற்றிய கடற்சேற்றில் மட்டி தோண்டப் போனார். மூடுபனி. நாற்பது வருடம் நடந்த சேறு. பனியில் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளி நடந்திருக்கிறார். தேன்குழி என்று நாங்கள் சொல்லும் புதைசேற்றில் கால் போய்விட்டது. பார்க்க மற்ற சேறு மாதிரியேதான் இருக்கும். கால் வைத்தால் இடுப்பு வரை இழுக்கும். ஆள் கூட இருந்தால் பலகை போட்டு இழுத்துவிடலாம். தனியாளால் முடியாது.

போன் இருந்தது. கூப்பிட்டார். ஆனால் எங்கள் கரையில் போன் இக்கரைக் கோபுரத்தை விட்டு அக்கரையில் கனடாக் கோபுரத்தைப் பிடிக்கும். திடீரென்று போனில் மணி கனடா நேரத்துக்கு மாறி ஒரு மணி நேரம் முன்னே ஓடும். சாப்பாட்டு நேரம் வந்துடுச்சு, கிளம்புங்கடா என்று கேலி பேசுவார்கள். எல்லோரும் சிரிக்கிற விஷயம்தான் அது. அன்றைக்கு அவர் அழைப்பும் அக்கரைக்குத்தான் போனது. எங்கே இருக்கீங்க என்று கேட்டிருக்கிறாள் அங்கே அவசர அழைப்பை எடுத்த பெண். பழைய ஐஸ் கிடங்குக்குக் கீழே என்றாராம். அந்தக் கிடங்கை இடித்து இருபது வருடம் ஆகிறது. எந்த வரைபடத்திலும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் அங்கே நிற்கிறது.

உதவி வந்தது. வடக்கே இரண்டு மைல் தள்ளி, வேறு துறைக்கு. சரியான இடம் தெரிந்து வருவதற்குள் கடல் ஏறிவிட்டது.

அந்தப் பெண் கடைசி வரை போனை வைக்கவில்லை. வானிலை பேசினாளாம், நாய் பேர் கேட்டாளாம். டிசம்பரில் எனக்கு ஒரு அட்டை அனுப்பியிருந்தாள். அவர் பயப்படவில்லை என்று எழுதியிருந்தாள். உண்மையோ பொய்யோ. எழுத வேண்டும் என்று தோன்றியதே, அதற்கு அவள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒரு நம்பர். இறங்கும்போது ஒரு நம்பரைப் பார்த்திருந்தால் — போதும். இவ்வளவுதான் நான் கமிட்டியிடம் கேட்கப் போவது.

பிப்ரவரி 15, புதன்

அகஸ்டா போய் வந்தோம். ஆர்டிஸ் ஓட்டினாள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். பெட்ரோலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

நடைக்கூடத்தில் பெஞ்சில் பக்கத்தில் ஒரு அம்மா. சிவப்புக் கம்பளித் தொப்பி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் கேட்கும் மசோதாவாம். "போன தடவையும் ஜெயிச்சது. ஜெயிச்சு மேசையில செத்துச்சு. மறுபடியும் தூக்கிட்டு வந்துட்டேன்" என்றாள். நான் தாளையே மடித்து மடித்துப் பிரிப்பதைப் பார்த்துத் தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். "வயித்துல ஏதாவது இருந்தா குரல் வரும், சாப்பிடு."

பேசும் மேசையில் நேரம் காட்ட மூன்று விளக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு. என் பேச்சில் ஹாலிஸ் தேன்குழியில் கால் வைக்கும்போதே மஞ்சள் வந்துவிட்டது. சிவப்பு எரிந்தபோது இன்னும் கம்பத்துக்கே வரவில்லை நான். தாளை மடிக்கத் தொடங்கினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "அந்த விளக்கை விடுங்கம்மா. முடிச்சுட்டுப் போங்க" என்றார். முடித்தேன்.

அதன்பிறகுதான் அந்தத் தப்பு.

ஓரத்தில் இருந்த ஒல்லியான உறுப்பினர் தன்மையாகத்தான் கேட்டார். "மட்டி தோண்டுறவங்க லைசன்ஸ்ல வருஷத்துக்கு இருபத்தஞ்சு டாலர் கூட்டினா, மூணு வருஷத்துல இந்தச் செலவு சரியாப் போயிடும். பணம் எங்கேன்னு காட்டின மாதிரியும் ஆச்சு. அவங்க ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குவாங்க. கண்டிப்பா ஒத்துக்குவாங்க" என்றேன்.

டுவைட் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்போது எனக்குப் புரியவில்லை. ஹாலிஸ் ஒத்துக்கொண்டிருப்பார், அதைத்தான் நான் சொன்னேன். ஆனால் அவர்கள் கேட்டது ஹாலிஸைப் பற்றி இல்லையே.

பிப்ரவரி 18, சனி

கடைக்குப் பால் வாங்கப் போனேன். காபி இயந்திரத்தின் பக்கத்தில் தோண்டுகிறவர்கள் ஐந்தாறு பேர். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. எல்லரி மட்டும் திரும்பினான்.

"அண்ணி, உன்னை யாரு கேட்டா?"

"கமிட்டியிலதான் —"

"கமிட்டி கேட்டா? எங்களை நீ கேட்டியா? போன வருஷம் சிவப்புத் தண்ணி வந்து மட்டியெல்லாம் விஷம்னு ஆறு வாரம் கரையை மூடிட்டாங்க. மட்டி விலை பாதியாயிடுச்சு. இதுல இருபத்தஞ்சு டாலர் கூட்டு, எல்லாரும் சந்தோஷமா தருவாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்க. அண்ணன் பேரைச் சொல்லி எங்க பாக்கெட்டுல கை விடுறியா?"

"வருஷத்துக்கு இருபத்தஞ்சுதானேடா..."

"இருபத்தஞ்சோ ரெண்டோ. எனக்காகப் பேச நான் இருக்கேன்."

பாலை வாங்காமலே வந்துவிட்டேன்.

என்ன பாவம் பண்ணிட்டேன்? அவர் அவனுக்கும் அண்ணன்தானே? நாளைக்கு அவனே மாட்டிக்கிட்டா? — இல்லை. அவன் சொன்னதுதான் சரி. சரியா இருக்கிறதாலதான் இப்படி வலிக்குது. என்கிட்ட யாராவது கேட்காம என் பேரைச் சொல்லி ஏதாவது ஒத்துக்கிட்டு வந்தா நான் சும்மா இருப்பேனா?

பிப்ரவரி 19

இரவெல்லாம் பனி கொட்டியிருக்கிறது. வாசல் தள்ளியிருக்கிறது. படியில் ஒரு கேலன் பால்.

கோபம் வேறு, பனி வேறு போலிருக்கிறது அவனுக்கு.

மார்ச் 11, சனி

ஊர்க் கூட்டம். பள்ளிக்கூட ஜிம்மில். ஓட்டுக்குத் தூக்கித் தூக்கிக் கை வலித்தது. சாலையில் பனி கரைக்கும் உப்புக்கு இவ்வளவு, நூலகக் கூரைக்கு இவ்வளவு. நடுவில் சாப்பாடு. நான் அவித்த பீன்ஸ் கொண்டு போயிருந்தேன். பாத்திரம் காலி. கோபக்காரர்களும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பின் எழுந்து நின்றேன்.

"அகஸ்டாவுல உங்களையெல்லாம் கேட்காம உங்களுக்காகச் சொல்லிட்டு வந்துட்டேன். அது என் தப்பு. லைசன்ஸ் காசு கூட்டுறதை எடுத்துடச் சொல்லி டுவைட்கிட்ட சொல்லிட்டேன். எடுத்தாச்சு."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "நீவா, அடுத்த தடவை போறப்ப எங்க வீட்டு வரியையும் நீயே கட்டிடறேன்னு சொல்லிட்டு வா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தோளில் இருந்த ஏதோ இறங்கிய மாதிரி. எல்லரி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப கம்பம்?" என்றான்.

"காசு காட்டலன்னா மேசைக்குப் போகும்."

அவன் எழுந்தான். தட்டைக் கழுவிவிட்டுப் போனான். என் பீன்ஸ் பாத்திரத்தையும் கழுவி வைத்திருந்தான்.

ஏப்ரல் 19, புதன்

இரண்டு சபையிலும் நிறைவேறியது. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. டுவைட் போனில் சந்தோஷமாகத்தான் தொடங்கினார்.

"இப்ப எங்க இருக்கு?" என்றேன்.

"மேசையில." அப்புறம் அவரே, "கூட நிறைய கிடக்கு, நீவா. நூத்துக்கணக்குல. எல்லாமே நல்ல மசோதாதான். அதுதான் கஷ்டம்."

எல்லோரும் சரி என்று சொன்ன பிறகும் அது நடக்காது. இந்த விதியை யார் கண்டுபிடித்தார்களோ. ஆர்டிஸ் சொல்கிறாள், விதி இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஆசைப்பட்டதையெல்லாம் சட்டமாக்கிவிட்டு வரிச் சீட்டை நம் தலையில் கட்டுவார்கள் என்று. அவள் சொல்வதும் நியாயம்தான். நியாயமாக இருந்தால் மட்டும் வலிக்காமல் இருக்குமா?

ஏப்ரல் 23, ஞாயிறு

மட்டிக் கரையைக் கண்காணிக்கும் வார்டன் கால்வின் வந்தார். தேவாலயத்துக்குப் போகும் சட்டை போட்டிருந்தார், அதனாலேயே ஏதோ சங்கடமான சேதி என்று தெரிந்தது. கையில் ஹாலிஸின் சீட்டு.

எங்கள் ஊரில் லைசன்ஸ் வைத்திருக்கிறவர் ஒவ்வொருவரும் வருடத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கூலியில்லாமல் ஊருக்கு உழைக்க வேண்டும். உழைத்தால்தான் அடுத்த வருடம் லைசன்ஸ். குட்டி மட்டி விதைப்பது, வலை கட்டுவது, கரையைச் சுத்தம் செய்வது. ஹாலிஸ் எட்டு மணி நேரம் முடித்திருந்தாராம். மீதி நாலு.

"கணக்கை முடிக்கணும். மீதியை அடிச்சுடவா, நீவா? நீங்க சொன்னா அடிச்சுடறேன்."

என்ன தோன்றியதோ, "வேண்டாம். அந்த நாலு மணி நேரம் நான் செய்யறேன்" என்றேன்.

"உங்ககிட்ட லைசன்ஸே இல்லையே. செஞ்சு என்ன ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆக வேண்டாம். பாதியில விட்டுட்டுப் போற ஆளில்லை அவர். என்ன வேலை தருவீங்க, சொல்லுங்க."

அவர் நான் கொடுத்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "விதைக்கறது இருக்கு. போன வருஷம் தெற்குத் துறைப் படிக்கட்டைச் சரி பண்ணினோம், அதையும் இந்த மணி நேரத்துலதான் சேத்தோம். அந்த மாதிரி —"

"படிக்கட்டைச் சேத்தீங்களா?"

"ஆமா. கரைக்குச் செய்யற எந்த வேலையும் சேரும்."

"படிக்கட்டு சேரும்னா கம்பம் சேராதா?"

பாதி பிஸ்கட் கையில் இருக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

ஏப்ரல் 25, செவ்வாய்

பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக எல்லரி வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் மண்கொத்துக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணன் மிச்சம் வெச்ச நாலு மணி நேரத்தை நீ செய்யப் போறியாமே? கால்வின் ஊர் பூரா சொல்லிட்டான். செத்தவனுக்கு லைசன்ஸ் புதுப்பிக்கிற முத ஆளு நீதான் அண்ணி."

"சிரிச்சு முடிச்சியா? இதைக் கேளு."

சொன்னேன். எண்பத்து நாலாயிரத்தில் முக்கால்வாசி ஆள் கூலியும் வண்டியும்தான். கம்பம் நட வெளியூரிலிருந்து யாரோ வர வேண்டியதில்லை. எந்தச் சேறு தாங்கும், எது தாங்காது என்று தெரிந்தவர்கள் எப்படியும் வருடத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கொடுக்கிறார்கள். புதிதாக ஒரு மணி நேரம்கூடக் கேட்கவில்லை.

"லைசன்ஸ்ல ஒரு டாலர்கூட ஏறாதே?"

"ஒரு டாலர்கூட."

பிடியைத் தட்டித் தட்டி இறக்கினான். "கம்பத்துக்கு மரம்?"

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. பின்னால் அவனுடைய தேவதாருக் காடு. அவனாகத்தான் திரும்பிப் பார்த்தான்.

"ஏ அண்ணி. பாக்கெட்டுல கை விடாதேன்னா காட்டுக்குள்ளயே வந்துட்டியா?"

"நான் ஒண்ணும் கேக்கலையேடா!"

"கேக்காமதான் நிக்கற." அப்புறம் சொன்னான், "நம்ம ஊரு சரி. இன்னும் பத்து ஊரு இருக்கு. அவனுங்க ஒத்துக்கணுமே."

"அதுக்குத்தான் வந்தேன். இந்தத் தடவை யாருக்காகவும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ போய்க் கேளு."

மே 17, புதன்

மூன்று வாரமாக எல்லரி வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனான். பத்து ஊரில் ஒன்பது சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. ஒரு ஊர் மட்டும் முடியாது என்றுவிட்டது. 'எங்க சேத்துல நாங்க மாட்டிக்க மாட்டோம், அதெல்லாம் உங்க ஊர்க்காரனுங்களுக்கு' என்றானாம் ஒருவன். எல்லரி அடிக்கப் போயிருப்பான். போகவில்லையாம். "கேக்கத்தானே போனேன்" என்கிறான்.

ஆறு கம்பம் குறைந்தது. அறுபத்தைந்து.

ஒரு பை நிறைய ஃபிடில்ஹெட் பெரணித் தளிர் பறித்து வந்து கொடுத்துவிட்டுப் போனான். ஹாலிஸுக்குப் பிடிக்கும். தனியாக உட்கார்ந்து வெண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டேன். அழுகையும் வந்தது, நன்றாகவும் இருந்தது.

மே 22, திங்கள்

வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது போன். கொரின் திபடோ. செலவுச் சீட்டு எழுதும் பெண். எதற்கு எவ்வளவு ஆகும் என்று அவள் எழுதுவதுதான் கடைசிப் பேச்சாம். டுவைட் கையெழுத்துத் தாள்களை அவளிடம் கொடுத்திருக்கிறார்.

"முதல்லயே சொல்லிடறேன் மேடம், நான் யார் பக்கமும் இல்ல. எவ்வளவு ஆகும்னு மட்டும்தான் எழுதுவேன்."

"எனக்கும் அது போதும்மா."

"இந்தப் பன்னெண்டு மணி நேரம் இதுக்காகப் புதுசா வெச்சதா?"

"இருபது வருஷமா இருக்கு."

"கூலி உண்டா?"

"கிடையாது. ஆளுக்கு ஒரு டோனட் கிடைக்கும்."

பேனா கீறும் சத்தம் கேட்டது. "டோனட்டை யார் வாங்கறது?"

"வார்டன் கால்வின். சொந்தக் காசுல."

"அப்ப அது சீட்டுல வராது" என்றாள். சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

மரத்தைக் கேட்டாள். எல்லரி எழுதிக் கொடுத்திருப்பதைச் சொன்னேன். நம்பர் தகட்டைக் கேட்டாள். அங்கேதான் முழித்தேன். தகட்டை நான் நினைக்கவே இல்லை.

"சாலைத் துறைப் பட்டறையில தகடு எப்பவும் அடிக்கிறாங்க" என்றாள் அவள். "அறுபத்தஞ்சு தகடை இருக்கிற ஒதுக்கீட்டுக்குள்ளயே செய்ய முடியுமா, அவசர அழைப்பு வரைபடத்துல நம்பரை ஏத்த முடியுமான்னு ரெண்டு இடத்துக்கும் எழுதிக் கேக்கறேன். முடியும்னு எழுத்துல வந்தா எழுதுவேன். வரலன்னா எழுத மாட்டேன். வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்பட மாட்டேன். கேக்கறீங்களே, அதுவே பெரிசு."

வைக்கப் போனவள் வைக்கவில்லை. "மேடம், பிப்ரவரியில நீங்க பேசினதை என் அறையிலிருந்து கேட்டுட்டிருந்தேன். அதை எழுதறதுக்குச் சீட்டுல இடம் கிடையாது. அதனால இப்பச் சொல்றேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூன் 8

ஒரு சேதியும் இல்லை. நண்டு உரிக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன்.

ஜூன் 21, புதன்

காலை ஆறரைக்கு டுவைட். குரல் கரகரத்துப் போயிருந்தது.

"சீட்டு மாறிடுச்சு நீவா. புதுச் செலவு இல்லைன்னு எழுதியிருக்கா. இருக்கிற ஒதுக்கீட்டுக்குள்ள முடியும்னு ரெண்டு இடத்துலேயிருந்தும் கடுதாசி வந்துடுச்சாம். காசு காட்ட வேண்டியதே இல்லாமப் போச்சு. மேசையிலேருந்து எடுத்துட்டாங்க. கவர்னர் கையெழுத்துக்குப் போயிடுச்சு."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சரி சரி என்று பத்து தடவை சொன்னேன் போல.

பிறகு கேட்டேன், பல் வைத்தியம் என்ன ஆச்சு, சிவப்புத் தொப்பி அம்மா?

"கிடந்துடுச்சு" என்றார். "அதுக்குக் கூலியில்லாம யார் வருவாங்க?"

எல்லரிக்குப் போன் செய்தேன். "அப்படியா" என்றான். மூக்கை உறிஞ்சும் சத்தம். "மரம் காயணும் அண்ணி. இன்னிக்கே வெட்டினாத்தான் சரியா இருக்கும்" என்றான்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பாதி சாண்ட்விச் தொண்டையில் நிற்கிறது. அந்த அம்மாவின் விலாசத்தை டுவைட் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை அந்த அம்மா பேசும்போது பின்னால் உட்கார ஒரு ஆள் வேண்டுமென்றால் நான் போவேன். ஆர்டிஸிடம் இப்போதே சொல்லிவிட்டேன். கண்ணாடியை ஏற்றாமல் பெட்ரோலுக்குக் காசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 7, சனி

சட்டம் அமலுக்கு வர மூன்று மாதம் ஆனது. இன்று எங்கள் ஊர்ப் பங்கு, ஒன்பது கம்பம். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். அந்த மறுத்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வண்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது கம்பத்துக்கு இறங்கி வந்து மண்வெட்டி வாங்கிக்கொண்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பருக்குப் பிறகு நான் கரையில் கால் வைக்கவில்லை. ஐஸ் கிடங்குக்குக் கீழே இறங்கும் வழி வந்தபோது எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். ஒன்றாம் நம்பரை இங்கே போடலாம் என்று கால்வின் சொன்னார். ஹாலிஸ் பேரையே எழுதலாம் என்றான் இன்னொருவன்.

"வரிசையில என்ன வருதோ அதைப் போடுங்க" என்றேன். "மாட்டிக்கிட்டவனுக்குப் பேரு படிக்க நேரம் இருக்காது."

வரிசையில் வந்தது முப்பத்தெட்டு. எல்லரி குழி தோண்டினான், நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் மண்ணைத் தள்ளி மிதித்து மிதித்து இறுக்கினான். தேவைக்கு மேலேயே மிதித்தான். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

எட்டரையிலிருந்து பன்னிரண்டரை. நாலு மணி நேரம். கால்வின் சீட்டில் குறித்தார். ஹாலிஸின் எட்டோடு சேர்த்துப் பன்னிரண்டு ஆகிவிட்டது. அந்தச் சீட்டை எனக்கே கொடுத்துவிட்டார். டோனட்டும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்தபடி எழுதுகிறேன். எத்தனை பேர் கை பட்டது இதில் என்று யோசித்தால் முடிவே இல்லை. பேர் தெரிந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டேன். ஒரு கடுதாசியில் 'முடியும்' என்று எழுதிய அந்தப் பட்டறைக்காரர் யாரென்றே தெரியவில்லை. அவருக்கும்.

டிசம்பர் 6, புதன்

மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. நண்டு வரவில்லை, வேலை இல்லை. துணியை அடுப்பைச் சுற்றிக் கட்டிக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மேல் ஆம்புலன்ஸ் சத்தம். கீழ்ச் சாலையில். கை நின்றுவிட்டது.

போன வருடம் அது என் வீட்டைத் தாண்டி வடக்கே போனது. அப்புறம் திரும்பி வந்து தெற்கே போனது. இரண்டு தடவையும் நான் ஜன்னலில்தான் நின்றிருந்தேன், யாருக்கோ என்று.

இன்று நேராகப் போனது. நிற்கவில்லை, திரும்பவில்லை.

ஜன்னலில் நின்றுகொண்டே இருந்தேன். அரை மணி நேரம் இருக்கும். வண்டி திரும்பி வந்தது. சத்தமில்லாமல், நிதானமாக. இனி அவசரமே இல்லையோ என்று நினைத்தேன். ஓட்டுகிறவர் என்னைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினார், நம் ஆட்கள் வழியில் பார்த்தால் தூக்குவதுபோல.

உடனே ஆர்டிஸ் போன். "கேட்டியா? மேற்கேயிருந்து மட்டி தோண்ட வந்த ஆளாம், இந்தக் கரைக்குப் புதுசு. இடுப்பு வரைக்கும் போயிட்டாராம். எங்கே இருக்கீங்கன்னு கேட்டதுக்கு ஐம்பத்திரண்டுன்னு மட்டும் சொன்னாராம். வேற ஒண்ணும் சொல்லத் தெரியலையாம். பதினாலே நிமிஷம்!"

"ஆள் எப்படி இருக்காரு?"

"அதை ஏன் கேக்கறே. குளிருல பல்லு தந்தியடிக்குதாம். ஆனா பூட்ஸ் ஒண்ணு சேத்துலயே போயிடுச்சாம், புது பூட்ஸாம், அதுக்குத்தான் கத்திக்கிட்டே வராராம். 'வீட்டுக்காரி என்னை உரிச்சுடுவா'ன்னு."

போனை வைத்துவிட்டு மிச்சத் துணியைப் போட்டு முடித்தேன்.

உரிக்கட்டும். யாரென்று எனக்குத் தெரியாத அந்தப் பெண், இன்று சாயங்காலம் கதவைத் திறந்து, ஒற்றைக் காலில் பூட்ஸோடு வந்து நிற்கிறவரை நன்றாகத் திட்டட்டும்.